முதலில் தொட்டியை அளந்து வாருங்கள்

வண்ணமீன் தொழிலில் ஒரு வசனம் உண்டு. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்றால் உங்கள் காதிலும் விழும். "தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும், பயப்படாம எடுத்துட்டுப் போங்க." ஆஸ்கர் குஞ்சு இரண்டு அங்குலம் இருக்கும்போது சொல்லப்படுகிற வசனம் இது. கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாக நெளிகோடுகள், ஓயாமல் ஆட்டும் துடுப்பு, பைக்குள் இருந்தபடியே நம்மை உற்றுப் பார்க்கும் கண். குழந்தை அதைக் கையில் வாங்கிவிட்டால் அப்புறம் அப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் இரண்டடித் தொட்டி இருக்கிறது, அதில் நாலு கோல்டு ஃபிஷ்ஷும் இரண்டு ஏஞ்சலும் இருக்கின்றன, இதுவும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிளம்பிவிடுவார்.

அந்த வசனம் பொய். ஆஸ்கர் தொட்டியைப் பார்த்து வளர்வதில்லை. ஒழுங்கான தண்ணீரும் தீனியும் கிடைத்தால் முதல் வருடத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் ஏறும். வருட முடிவில் பத்து அங்குலத்தைத் தொட்டுவிடும். பிறகு வேகம் குறைந்து, வீட்டுத் தொட்டியில் 12 முதல் 14 அங்குலம் வரை வரும். எடை ஒரு கிலோவைத் தாண்டும். பத்து, பதினைந்து வருடம் உயிரோடு இருக்கும். சின்னத் தொட்டியில் அது ஆறு அங்குலத்தோடு நின்றுவிட்டதென்றால் தொட்டிக்கு மரியாதை கொடுத்து நின்றதாக அர்த்தமில்லை. தன் கழிவிலேயே ஊறி வளர்ச்சி குன்றிப்போனது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட மீனைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கண் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும், முதுகு சற்றே கூன் விழுந்திருக்கும்.

வீடு வீடாகப் போய்த் தொட்டி வைத்துக் கொடுப்பதும், மாதக் கூலிக்கு அவற்றைப் பராமரிப்பதும் என் பிழைப்பு. மற்ற மீன் வைத்திருப்பவர்கள் தொட்டி அழகாக இல்லை என்று கூப்பிடுவார்கள். ஆஸ்கர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பதறிக்கொண்டுதான் கூப்பிடுவார்கள். மீன் சாய்ந்து படுத்திருக்கிறது, தலையில் ஓட்டை விழுந்திருக்கிறது, கூட இருந்த மீனைக் காணோம். இந்த மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றேதான். மீனின் அளவையும் தண்ணீரின் அளவையும் சேர்த்து யாரும் கணக்குப் போடவில்லை.

இதன் சொந்த ஊர் அமேசான் படுகை. பெரு, பிரேசில், கொலம்பியா என்று பரந்து கிடக்கும் ஆறுகளில் ஓட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, மூழ்கிய கிளைகளுக்கு அடியில் இருக்கும். பிரேசிலில் ஸ்பிக்ஸ் சேகரித்து வந்த மீன்களை ஆராய்ந்த லூயி அகாசி 1831இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் இதைக் கடல்மீன் என்று எண்ணிக்கொண்டது தனிக்கதை. வாலடியில் ஆரஞ்சு வளையத்துக்குள் கரும்புள்ளி இருக்கிறதே, அது அழகுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. அந்த ஆறுகளில் பிற மீன்களின் துடுப்பைக் கடித்துத் தின்னும் பிரான்ஹா வகைகள் உண்டு. வால்பக்கத்தைத் தலை என்று அவை ஏமாந்து விலகிப்போகும் என்று கிர்க் வைன்மில்லர் என்ற ஆய்வாளர் 1990இல் எழுதியிருக்கிறார். கடையில் டைகர், ரெட், அல்பினோ, லெமன் என்று தனித்தனி விலை சொல்வார்கள். எல்லாம் ஒரே இனம். ரெட் ஆஸ்கர் தாய்லாந்துப் பண்ணைகளில் 1960களில் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. நிறத்துக்குக் காசு கொடுங்கள், ஆனால் நிறத்தை வைத்துச் சாது, முரடு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு ஆஸ்கருக்கு நான் ஒப்புக்கொள்ளும் குறைந்தபட்சத் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 255 லிட்டர் வரும். மேலே விடும் இடமும் மண்ணும் போக 220 லிட்டர் நிற்கும். இரண்டு ஆஸ்கர் வேண்டுமென்றால் ஐந்தடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 560 லிட்டருக்கு மேல். நீளத்தைவிட அகலத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டு வாதாடுவேன். பதின்மூன்று அங்குல மீன் ஓரடி அகலத் தொட்டியில் சுலபமாகத் திரும்ப முடியாது. வளைந்து வளைந்து திரும்பி வால் துடுப்பு கிழிந்துவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 560 லிட்டர் தண்ணீர் என்றால் 560 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு, கல் எல்லாம் சேர்த்தால் முக்கால் டன்னை எட்டும். வாடகை வீட்டு மாடியில் வைப்பதாக இருந்தால் சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உள்ளே அலங்காரம் வேண்டுமென்று ஆசைப்படாதீர்கள். ஆஸ்கர் தன் வீட்டைத் தானே மாற்றி அமைக்கும். செடியைப் பிடுங்கி மிதக்கவிடும், மண்ணை வாயில் அள்ளி ஒரு மூலையில் குவிக்கும், பிளாஸ்டிக் கோட்டையைத் தள்ளிக் கண்ணாடியில் மோதவிடும். கண்ணாடி ஹீட்டரை உடைத்த ஆஸ்கர்களையும் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் போட்டால் கூண்டு மாட்டித்தான் போட வேண்டும். இரண்டு பெரிய உருண்டைக் கல், நன்றாக ஊறிய ஒரு மரக்கட்டை, மேலே கனமான மூடி. போதும். மூடியில் கஞ்சத்தனம் கூடாது. தீனி போட நீட்டிய கையைப் பார்த்தே எம்பிக் குதிக்கும் மீன் இது. யாரும் பார்க்காத நேரத்தில் குதித்து, இரவு முழுக்கத் தரையில் கிடந்து செத்தவை எத்தனையோ.

இனி தண்ணீர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றித்தான்.

ஆஸ்கர் அதிகம் தின்னும், அதிகம் கழிக்கும். தின்னும்போதே பாதியை மென்று செவுள் வழியாகத் தூளாக வெளியே விடும். இந்தக் கழிவெல்லாம் அம்மோனியா ஆகும். ஃபில்டர் பஞ்சிலும் செராமிக் துண்டுகளிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது மெதுவாகக் கெடுதல் செய்வது. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவது வாரம் எனக்குப் போன் செய்வது இதனால்தான்.

சென்னையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். நம் போர் தண்ணீரில் பல இடங்களில் பி.ஹெச். எட்டைத் தொடும். மே மாதத்தில் மாடி வீட்டுத் தொட்டி 32, 33 டிகிரிக்குப் போகும். பி.ஹெச்.சும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா பல மடங்கு கொடிய விஷமாகிறது. போதாததற்குச் சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு. குளிர்நாட்டில் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, இந்த அளவு அம்மோனியா தாங்கும் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. புத்தகம் எழுதியவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரை வைத்துச் சொன்னது அது. இங்கே அளவுமானி பூஜ்யத்தைத் தவிர வேறு எதைக் காட்டினாலும் நான் தண்ணீர் மாற்றிவிடுவேன். கோடையில் மூடியைக் கொஞ்சம் திறந்து வலை போட்டு, மேற்பரப்பில் படும்படி சின்ன மின்விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைப் போடுவது வேண்டாம். சடாரென்று இறங்கி மறுபடி ஏறுவது வெயிலைவிட மோசம்.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். பைப்பிலோ லாரியிலோ வரும் தண்ணீரில் குளோரின் இருக்கும். கொளத்தூரில் ஹைப்போ கேட்டால் கற்கண்டு மாதிரி பொட்டலம் கட்டித் தருவார்கள், சோடியம் தயோசல்பேட் அது. புதுத் தண்ணீரில் முதலில் அதைக் கரைத்துவிட்டுத்தான் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று அலசும் பழக்கம் நல்ல இல்லத்தரசிகளிடமும் நல்ல வேலைக்காரர்களிடமும் உண்டு. அதோடு நுண்ணுயிரும் போயிற்று. தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்து திரும்ப வையுங்கள். கொஞ்சம் அழுக்காகவே இருக்கட்டும்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. குடிக்க லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் வாரம் 150 லிட்டரை மீனுக்குக் கொட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போது எல்லா வீட்டிலும் ஒரே ஏற்பாடுதான் செய்தோம். தீனியைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். பெரிய ஆஸ்கர் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தொட்டியின் மேல்புறம் மணிபிளான்ட் கொடியின் வேரை இறக்கிவிட்டோம், அது நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும். எடுத்த தண்ணீரை மாடிச் செடிகளுக்கு ஊற்றினோம். அந்த வருடம் செடிகள் நன்றாக வந்தன. ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. தாமிரச் சுருளின் மேல் படிந்து வடியும் நீர் அது, தாமிரம் மீனுக்கு ஆகாது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மேசை டிராயரில் பேட்டரி ஏர் பம்ப் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் முறைபோட்டு மக்கால் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றினார்கள். ஆனால் கரண்ட் போனபோது செத்ததைவிட, வந்த பிறகு செத்ததுதான் எனக்கு மறக்காது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஓட்டமில்லாமல் நின்ற நீரில் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் செத்து அழுகியிருக்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்த அழுகலை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றிருந்தால் ஃபில்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் வந்த பிறகு உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டு, அப்புறம் மாட்டுங்கள்.

தீனி விஷயத்தில் எனக்கு எதிரி அன்புதான். ஆஸ்கர் ஆளை அடையாளம் காணும். தீனி போடுகிறவர் அறைக்குள் வந்தாலே கண்ணாடியோரம் வந்து உடம்பை ஆட்டும். தாத்தா காலையில் போடுவார், பேரன் பள்ளி விட்டு வந்து போடுவான், வேலை முடிந்து வரும் மருமகள் பாவம் பசிக்கிறதோ என்று மறுபடி போடுவார். மூன்று பேரையும் அது ஒரே மாதிரி ஏமாற்றும். வளர்ந்த மீனுக்கு நாளைக்கு ஒருவேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, வாரத்தில் ஒருநாள் விரதம். அன்றாடத்துக்குத் தரமான பெல்லட். இடையிடையே ஓட்டோடு நறுக்கிய இறால், மருந்து படாத மண்ணில் எடுத்த மண்புழு, தோலுரித்து வேகவைத்த பட்டாணி. இறால் ஓட்டில் இருக்கும் நிறப்பொருள்தான் ரெட் ஆஸ்கரின் சிவப்பைக் காப்பாற்றும். ஆட்டு ஈரல், மாட்டு இதயம் எல்லாம் வேண்டாம். அந்தக் கொழுப்பை மீனின் உடம்பு சரியாகச் செரிக்காது. வீட்டுக் கரப்பான்பூச்சியைப் பிடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது போன வாரம் எந்த மருந்தை நக்கியதோ யாருக்குத் தெரியும்?

உயிருள்ள கோல்டு ஃபிஷ்ஷைப் போட்டு வேடிக்கை பார்ப்பது ஒரு பழக்கம். விருந்தாளிகளைக் கூட்டி உட்கார வைத்துக் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். கெண்டை இனத்தைச் சேர்ந்த கோல்டு ஃபிஷ்ஷின் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். அதையே தின்று வளரும் ஆஸ்கர் நாளடைவில் சோர்ந்துபோகும். அதோடு, தீனிக்கென்று விற்கும் மீன்கள் நெரிசலில் கிடந்து நோயோடுதான் வருகின்றன.

சரி, கூட எதை விடலாம்? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். நான் சொல்வதும் பாதி உத்தரவாதம்தான், ஏனென்றால் ஆஸ்கருக்கு ஆஸ்கர் குணம் மாறும். இரண்டு விஷயம் மட்டும் மாறாது. வாய்க்குள் போகும் அளவில் இருப்பது உணவு. தன் அளவுக்கே இருந்து தன்னைப் போலவே இடம் பிடிக்கப் பார்ப்பது எதிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் தேட வேண்டும்.

நியான், கப்பி, ஏஞ்சல் எல்லாம் உணவுக் கணக்கு. சின்னக் கெளுத்தி வகைகளில் வேறு ஆபத்து. விழுங்கும்போது அதன் முள் விரிந்து ஆஸ்கரின் தொண்டையில் மாட்டும், இரண்டும் சேர்ந்து சாகும். ஃபிளவர்ஹார்ன் எதிரிக் கணக்கு. அதைத் தனியாகத்தான் வைக்க வேண்டும், அதிர்ஷ்டம் தரும் என்று வாஸ்து நிபுணர் என்ன சொன்னாலும் சரி. சிவப்பு வால் கெளுத்தியை மூன்று அங்குலத்தில் விற்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அது மூன்று நாலு அடி வளரும் மீன், ஒருநாள் காலையில் ஆஸ்கரையே விழுங்கிவிட்டு வயிறு புடைத்துக் கிடக்கும். சில்வர் அரோவனாவும் ஆஸ்கரும் நம் ஊரில் பிரபலமான ஜோடி. எட்டடித் தொட்டி இருந்தால் செய்யுங்கள். நாலடியில் அரோவனா பயந்து குதித்தே செத்துப்போகும்.

எனக்குக் கைகொடுத்தவை சில்வர் டாலர் கூட்டம், டின்ஃபாயில் பார்ப், செவரம். சில்வர் டாலரும் தென் அமெரிக்காக்காரர்தான். தட்டையாக உயரமாக இருப்பதால் வாய்க்குள் போகாது, வேகமாக ஓடும், சண்டைக்கு நிற்காது. ஐந்தாறாக விட வேண்டும், ஒன்று இரண்டாக விட்டால் மிரண்டு மூலையில் ஒதுங்கும். ஆஸ்கருக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. கூட்டம் நிம்மதியாக மேய்வதைப் பார்த்து அதுவும் பதுங்குவதை விட்டு வெளியே வரும். சக்கர் மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது கொளத்தூரின் இரண்டாவது வசனம். அது கண்ணாடிப் பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழிக்கும், தானும் ஓரடிக்கு மேல் வளரும். இரவில் ஆஸ்கர் தூங்கும்போது உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சுகிற சக்கர்களும் உண்டு.

இரண்டு ஆஸ்கர் வேண்டுமென்றால் குஞ்சிலேயே ஒரே அளவில் சேர்த்து வாங்குங்கள். வெளித்தோற்றத்தில் ஆண் பெண் தெரியாது. ஜோடி சேர்ந்துவிட்டால் ஒரு தட்டைக் கல்லை வாயால் தேய்த்துச் சுத்தம் செய்யும், அதில் ஆயிரத்துக்கு மேல் முட்டை இடும், அன்றிலிருந்து தொட்டி முழுதும் அவற்றுக்குச் சொந்தம். கூட இருக்கும் மற்றதெல்லாம் மேல் மூலையில் ஒண்டி நிற்பதைப் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள். நடுவில் தடுப்புப் போட வேண்டிய நாள் அது. புது மீனை விடும்போது மூன்று காரியம் செய்வேன். பழையதற்கு வயிறு நிறையத் தீனி போடுவேன், கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி வைப்பேன், விளக்கை அணைத்துவிடுவேன். எல்லை அழிந்துபோன குழப்பத்தில் பழைய மீனுக்குச் சண்டை போட எது தன் இடம் என்றே தெரியாது.

சாய்ந்து படுப்பதற்கு வருகிறேன். மைலாப்பூரில் ஒரு அம்மா, "தம்பி, நீங்க தண்ணி மாத்திட்டுப் போனதிலேர்ந்து இவன் படுத்தே கெடக்கான், எங்கிட்ட முகமே குடுக்க மாட்டேங்கறான்" என்று போன் செய்தார். "கோச்சுக்கிட்டான்மா, நாளைக்குச் சரியாயிடுவான்" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. தொட்டியில் பெரிய மாற்றம் வந்தால் ஆஸ்கர் நிறம் மங்கி ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். செவுள் நிதானமாக அசைந்து, கண் நம்மைத் தொடர்ந்தால் கவலை இல்லை. மூச்சு வேகமாக வாங்கி, துடுப்பை ஒடுக்கி, வெள்ளையாக நூல்போலக் கழித்தால் அது நோய்.

தலையிலும் கண்ணுக்கு மேலும் ஊசி குத்தியதுபோலப் புள்ளி விழுந்து, அது குழியாகி வெள்ளையாகச் சீழ் தெரிவதைத்தான் தலையில் ஓட்டை என்கிறார்கள். குடலில் வாழும் ஒட்டுண்ணி, மாற்றாத தண்ணீர், சத்தில்லாத தீனி, இவை சேரும் இடத்தில் இது வரும். மெட்ரோனிடசோல் மருந்தைத் தீனியில் கலந்து கொடுப்பார்கள். அளவை மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் தண்ணீரைத் திருத்தாமல் மருந்து மட்டும் கொடுத்துக் குணமான ஆஸ்கரை நான் பார்த்ததில்லை. ஆரம்பத்திலேயே கவனித்துத் தண்ணீர் மாற்றத்தை வாரம் இரண்டுமுறை ஆக்கி, தீனியையும் மாற்றினால் பல மீன்கள் மருந்தே இல்லாமல் தேறியிருக்கின்றன. ஆழமான குழி ஆறினாலும் தழும்பு நிற்கும்.

மார்கழிக் குளிரில் வரும் வெள்ளைப்புள்ளி இவ்வளவு கடினமில்லை. ரவையைத் தூவியதுபோல உடம்பெல்லாம் பொட்டு வரும். தண்ணீரை மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றி, லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் கல் உப்பைக் கரைத்து, காற்றைக் கூட்டி வையுங்கள். பொட்டு உதிர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். உதிர்ந்த கிருமி அடியில் போய்ப் பெருகி மறுபடி நீந்தி வரும்போதுதான் உப்பு அதைக் கொல்லும். பத்து நாளாவது தொடர வேண்டும்.

மீன் வளர்ந்து தொட்டி போதாமல் ஆகும்போது சிலர் எடுக்கும் முடிவு ஒன்று உண்டு. வாளியில் போட்டு ஏரியில் விட்டுவிடுவது, புண்ணியம் என்ற நினைப்போடு. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடா கால்வாய்களில் ஆஸ்கர் விடப்பட்டது. இன்று எவர்கிளேட்ஸ் சதுப்பு முழுக்கப் பரவி, அங்கே இருந்த மீன்களோடு போட்டி போடுகிறது. நம் ஊர் ஏரிகளில் யாரோ விட்ட சக்கர் மீன்கள் வலையில் ஏறி, விலை போகாமல் வலையையும் கிழிப்பதை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குளிர் வாட்டாத நம் நீர்நிலையில் ஆஸ்கருக்குத் தடை ஒன்றுமில்லை. எனவே வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வளர்ந்த ஆஸ்கரை எடுத்துக்கொள்ளும் கடைகள் கொளத்தூரில் இருக்கின்றன. காசு கிடைக்காவிட்டாலும் மீனுக்கு இடம் கிடைக்கும். தொட்டி பராமரிக்கிறவர் யாரிடமாவது சொல்லிவைத்தால் ஆறடித் தொட்டிக்காரர் ஒருவரைத் தேடிக் கொடுப்பார். கொளத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே என்று ரெட்டேரி ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.